பெரியம்மாவைக் கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா 1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தவர். போன மாதம் காலமானார். வருடா வருடம் ஆகஸ்ட் 15 அன்று பக்கத்துப் பள்ளியில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். காரியம் முடிந்த அன்று பெரியம்மா பீரோவைத் திறந்து காட்டினார். இருபதுக்கு மேல் இருந்தன, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஆனால் அவர் எந்த ரெஜிமென்ட் என்று எனக்கோ அண்ணன்களுக்கோ தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. இவர்களை மதிப்பது என்றால் என்ன ஐயா?

ம., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள ம.,

பெரியப்பாவுக்கு என் அஞ்சலி.

பொன்னாடையை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனதோடுதான் போர்த்துகிறார்கள். ஆனால் மைக்கில் ‘முன்னாள் ராணுவ வீரர் அவர்களே’ என்று சொல்லிவிட்டு, பெயருக்குச் சீட்டைத் தேடுவார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் தெருவில் ஒரு ஹவில்தார் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். நவம்பர் வந்தால் பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். ஒரு வருடம் துணைக்குப் போனேன். கட்டைவிரலை மெஷினில் வைத்தார், எடுக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். அப்புறம் ஒவ்வொரு விரலாகப் பத்தும் ஆயிற்று. ரேகை தேய்ந்துபோயிருந்தது. ‘அடுத்த வாரம் வாங்க பெருசு’ என்றான் கவுன்டர் பையன். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நான் உயிரோட இருக்கேன்னு எதிரியே நம்புனான்பா. இந்த மெஷின் நம்ப மாட்டேங்குது.”

இப்போது முகத்தைக் காட்டி போனிலேயே சான்று எடுக்கலாம். அவருக்கு நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். பத்து நிமிட வேலை. பொன்னாடையைவிட அது அவருக்கு உபயோகம்.

இறந்தவர்கள் விஷயம் வேறு. முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்கார அரசு பல ஊர்களில் சின்னச் சின்னக் கல்வெட்டு பதித்தது. 1914–1919 போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள். அவ்வளவுதான். பெயர் கிடையாது, கணக்கு மட்டும். அதற்கு ஏறத்தாழ 1,300 வருடம் முன்பு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள். எருமைகளைக் காக்கப்போய் மாண்டவன் பெயர் கருந்தேவக்கத்தி என்று அதில் இருக்கிறது. கூடவே கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் வெட்டியிருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரை விட்டுவிட மனம் வராத ஊர்!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் இருந்தால் ரெஜிமென்ட், எண், மெடல் எல்லாம் அதிலேயே இருக்கும். குடும்ப பென்ஷனுக்கும் அது வேண்டும், பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் அவருடைய டிரங்க் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் வெள்ளை பெயின்டில் எண்ணும் பெயரும் எழுதியிருப்பார்கள். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. பட்டாளத்துக்குப் போகும் கடிதத்தில் எண், பெயர், யூனிட் எழுதி, கடைசியில் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று முடிக்க வேண்டும். ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம். ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. அப்படி வருடக்கணக்காக இன்லேண்டு லெட்டரில் அந்த முகவரியை எழுதிப் போட்டவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பெரியம்மாவைக் கேட்டீர்களா?