சொல்லிக்கொடுக்கும் பிள்ளை – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் தரம். எங்கள் பகுதியில் ஒரு சிறிய தனியார் பள்ளி நடக்கிறது. முப்பது பிள்ளைகள் வரை படிக்கிறார்கள். தரம் பிரிக்காமல் ஆறு வயது முதல் ஒன்பது வயது வரையானவர்களை ஒன்றாக இருத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்தில் பாடம் நடத்துகிறார்கள். கனடாவில் உள்ள மைத்துனர் உடனே சேர்க்கச் சொல்கிறார். மாமியோ ‘ஊரில் இல்லாத புதினம்’ என்கிறார். எனக்குப் பாடத்திட்டம் பற்றித்தான் பயம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் பின்தங்கிவிடுவானா? தமிழ் மொழி மூலம் நல்லதா, ஆங்கில மொழி மூலம் நல்லதா? போய்ப் பார்த்தபோது ஒரு பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. பணம் கட்டி அனுப்பும் என் பிள்ளையைச் சம்பளமில்லாத ஆசிரியராக்கி விடுவார்களோ? அவனுடைய நேரம் வீணாகாதா?

– ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

‘நேரம் வீணாகாதா’ என்று கேட்டீர்களே, அந்த ஒரு கேள்விக்காகவே எழுதுகிறேன். புலமைப்பரிசில் முடிவு வந்ததும் நம்முடைய வீதிகளில் பத்து வயதுப் பிள்ளைகளின் முகங்களைப் பதாகைகளில் தொங்கவிடுகிறார்கள். முகத்துக்குக் கீழே 200க்கு எத்தனை என்று புள்ளி. பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் தன் புள்ளி குறைந்துவிடும் என்று நம்பும் பிள்ளைகளை வளர்த்து வைத்திருக்கிறோமே என்று அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

மொழி மூலம் பற்றி நீண்ட பதில் வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை எந்த மொழியில் சண்டை பிடிக்கிறதோ அந்த மொழியில் கணக்கைப் படிக்கட்டும். ஆங்கிலத்தை ஒரு பாடமாக, நன்றாக, ஒழுங்காகப் படிக்கட்டும். மைத்துனர் சொல்வதையும் விட்டுவிடுங்கள். பிள்ளையை நாள்தோறும் அனுப்பி, கூட்டிவரப்போவது நீங்கள்.

மாமியிடம் மட்டும் பணிவாகச் சொல்லுங்கள், இது ஊரில் இல்லாத புதினம் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வயது பிரித்து யாரும் இருத்தவில்லை. மணலில் எழுத்துப் பழகுகிறவனும் நிகண்டு என்ற பழைய செய்யுள் அகராதியை மனனம் செய்கிறவனும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். முன்னே போனவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சட்டாம்பிள்ளை அவர்களை மேய்த்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மவர் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவத்தை 1797 இல் லண்டனில் புத்தகமாக அச்சிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் எழுதிய பாலபாடங்களும் படிப்படியாக ஏறுகிற புத்தகங்களே. திண்ணையில் அடியும் இருந்தது, விளங்காத மனனமும் இருந்தது. அவை போனதில் எனக்கு எந்தத் துக்கமும் இல்லை. சொல்லிக்கொடுக்கும் பிள்ளையையும் அவற்றோடு சேர்த்துத் துரத்திவிட்டோமே, அதுதான் துக்கம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி போரினால் நம்முடைய வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்காது; நீங்கள் குழந்தையாக இருந்திருப்பீர்கள். நான் அப்போது இளம் ஆசிரியை. கொடிகாமத்துக்கு அருகே ஒரு தோப்பில் கிடுகுக் கொட்டில் போட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தோம். வரவுப் பதிவேடு இல்லை, புத்தகம் இல்லை, வாங்கு இல்லை. எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று பிரிப்பதற்கு ஆட்களும் இல்லை. ‘எத்தனையாம் ஆண்டு?’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘எதுவரை தெரியும்?’ என்று கேட்கத் தொடங்கினோம்.

அங்கே பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். கழித்தலை வேகமாகச் செய்வாள், வகுத்தலில் தடுமாறுவாள். ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுக்கும்படி அவளிடம் விட்டேன். முப்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் ஒன்று கடன் வாங்கு, பன்னிரண்டு ஆகிவிடும் என்று மடமடவென்று சொன்னாள். பையன் கேட்டான்: ‘ஒன்றுதானே கடன் வாங்கினோம், எப்படிப் பத்து வந்தது?’ அவளுக்குப் பதில் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். வேண்டுமென்றே நான் சொல்லவில்லை.

மறுநாள் ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்து வந்தாள். மூன்று கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். ஒரு கட்டை அவிழ்த்துக் கொட்டினாள். ‘இதுதான் அந்த ஒன்று, எண்ணிப் பார்’ என்றாள். பையன் எண்ணினான். கொஞ்ச நாளில் அவளுக்கு வகுத்தலில் இருந்த தடுமாற்றமும் போய்விட்டது. ஓர் இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்ற இடப்பெறுமானம் விளங்காமல்தான் அவள் அதுவரை கணக்குச் செய்து வந்திருக்கிறாள். சரியான விடைகள் அதை மறைத்து வைத்திருந்தன. எந்தப் பரீட்சையும் கண்டுபிடிக்காத அந்த ஓட்டையை ஏழு வயதுக்காரன் ஒரே கேள்வியில் கண்டுபிடித்தான்.

இப்போது சொல்லுங்கள் தங்கச்சி, அங்கே யாருடைய நேரம் வீணானது? சம்பளமில்லாத ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததைச் சின்னவனுக்கு விளங்கவைப்பதுதான் உங்கள் மகனுக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கடினமான பாடம். ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை வரிசையில் இருத்தினால் அது கிடைக்காது. எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறுவார்கள், எல்லோரும் ஒரே விடையை மனனம் செய்வார்கள், ‘ஏன் பத்து?’ என்று கேட்க வெட்கப்படுவார்கள். தனக்குப் பின்னால் ஒரு சின்னவன் இருக்கிறான் என்பதே பெரியவனை ஒழுங்காகப் படிக்கவைக்கும். நாள் முழுவதும் பெரிய பிள்ளையிடம் சின்னவர்களை ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது வேறு கதை; அப்படியானால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாடத்திட்டத்தைக் கேட்டீர்கள். நீங்கள் பயப்படும் அரச பாடத்திட்டமே ஆரம்பக் கல்வியை ஒவ்வொரு தரமாக மட்டும் பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் வந்த சீர்திருத்தத்தில் முதலாம் இரண்டாம் தரங்கள் ஒரு முதன்மை நிலை, மூன்றும் நான்கும் அடுத்தது, ஐந்தாம் தரம் கடைசி நிலை என்று வகுத்தார்கள். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை கட்டாயம் அடைய வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளையும் எழுதி வைத்தார்கள். ஆகவே மூன்றாம், நான்காம் தரப் பிள்ளைகளை ஒன்றாக இருத்துவது பாடத்திட்டத்துக்கு விரோதமானதில்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை இரண்டு வயதினரும் சேர்ந்தே படிக்கலாம். குளத்தைப் பார்க்கப் போனால் சின்னவன் வரைவான், பெரியவன் எழுதுவான். கணிதமும் வாசிப்பும் அப்படியில்லை, அவற்றில் ஒரு படியைக் கடக்காமல் அடுத்த படியில் ஏற முடியாது. தமிழ்நாட்டில் 2007 இல் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தபோது பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாகப் பாயில் இருத்தினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதைக் காட்டும் ஏணியைச் சுவரில் தொங்கவிட்டார்கள்.

அந்தப் பள்ளியில் இந்த ஏணியைக் கேளுங்கள். ‘உங்கள் பிள்ளை அவனுடைய வேகத்தில் போகிறான்’ என்று சிரித்துக்கொண்டு சொன்னால் விடாதீர்கள். எதில் எங்கே நிற்கிறான், போன மாதம் எங்கே நின்றான், எந்தக் கொப்பியில் அது பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அவர்களிடம் பாடத்திட்டம் இல்லை, பிள்ளைகள் மட்டும்தான் இருக்கிறார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறார்கள், சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் எந்த வழியாகத் தோற்றுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

புலமைப்பரிசில், வசதியற்ற பிள்ளைக்கு உதவித்தொகையும் பெரிய பாடசாலையில் இடமும் கொடுப்பதற்காக இருக்கிறது. பணம் கட்டிப் படிப்பிக்கக்கூடிய நீங்கள் அதற்காக ஏன் நித்திரை கொள்ளாமல் இருக்கிறீர்கள்?

இன்னொன்று. அதே வயதுக் கலப்பு, அதே சிறிய எண்ணிக்கை, கட்டணமில்லாமல் பல ஊர்களில் இருக்கிறது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் படிப்பிக்கும் சின்னஞ்சிறு அரச பாடசாலைகளைத்தான் சொல்கிறேன். அவற்றின் வாசலைக் கடந்து விடியற்காலையில் பிள்ளைகளை வான் வண்டியில் அடைத்து நகரத்துக்கு அனுப்புகிறோம். பிறகு பிள்ளை இல்லை என்று அவற்றை மூடுகிறார்கள். தனியார் பள்ளியில் ‘வயது கலந்த கற்றல்’ என்று கட்டணம் வாங்குவதை, அரச பாடசாலையில் ‘ஆளணிப் பற்றாக்குறை’ என்று இகழ்கிறோம். முடிவெடுக்கும் முன் உங்கள் வீட்டுக்கு அருகில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிபரிடம் கேட்டு ஒரு காலை முழுவதும் உள்ளே இருங்கள். தனியார் பள்ளியிலும் அதேபோல இருங்கள்.

தீவுப் பகுதியிலோ வடமராட்சி கிழக்கிலோ மூன்று தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதை வாசித்தால், கணிதத்தை எப்படிப் பிரித்து நடத்துகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இந்தத் தங்கைக்கும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா