கொகைன் பழக்கத்தை விடவைக்க டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

உங்கள் தம்பிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரில் வேலை, கையில் காசு, கூடவே இந்தப் பழக்கம். தயவுசெய்து கலக்காதீர்கள்.

கொகைனுக்கு என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுவரை ஒரு மருந்துக்கும் ஒப்புதல் தரவில்லை. டோபிராமேட், மொடாஃபினில் போன்ற மாத்திரைகள், தடுப்பூசி என்று எத்தனையோ சோதித்தார்கள். டைசல்ஃபிராம் குடியை விடக் கொடுக்கும் பழைய மாத்திரை; அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் உடம்பு ஏற்காது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை மாற்றும் ஒரு நொதியையும் அது தடுக்கும் என்பதால் கொகைனுக்கும் சோதித்துப் பார்த்தார்கள். சில சோதனைகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை. ரத்தத்தில் கொகைன் அளவை அது ஏற்றிவிடும் என்பதும் தெரிந்தது. அந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்கள் விவரம் கேட்டு, கையெழுத்துப் போட்டு, டாக்டர்கள் கண்காணிப்பில் சாப்பிட்டவர்கள். உங்கள் தம்பி அப்படி இல்லையே.

இதே மாத்திரையை எங்கள் அம்மா அண்ணனுக்குக் கலந்து கொடுத்தார். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அண்ணன் மாங்காய் லோடு ஓட்டுவார், இரவானால் பிராந்தி. அந்த சீசனில் மாம்பழக்கூழ் ஆலைக்காரர்கள் லோடோடு வண்டியை இரண்டு நாள் வாசலில் நிறுத்திவைத்து, காய் பழுத்துவிட்டது என்று விலையை இறக்கினார்கள். விவசாயியும் டிரைவரும் வெயிலில் கிடந்ததை யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. குடி அப்போதுதான் கூடியது.

யாரோ சொல்லி அம்மா மாத்திரை வாங்கிவந்தார். இஞ்சி தட்டும் குழவியால் பொடித்து, களிக்கு ஊற்றும் அவரைக்கொட்டைக் குழம்பில் கலந்தார். அந்த மாத்திரைக்குப் பெரிதாக ருசி கிடையாது. நாலாம் நாள் அண்ணன் குடித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். முகமும் கழுத்தும் செங்கல் நிறமாகிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், மூச்சு வாங்கியது. தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். "வேறு என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்டும் அம்மா வாய் திறக்கவில்லை. மூன்றாவது முறைதான் முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை, குடித்தால் இப்படி ஆகலாம் என்றார் டாக்டர்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை, வேறு வழி தெரியாமல் செய்தார். நான் மாத்திரைக்கு எதிரியும் இல்லை. டாக்டர் சொல்லி, தெரிந்தே சாப்பிட்டுக் குடியை விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். "பெற்ற தாய்க்கு உரிமை இல்லையா" என்று சண்டைக்கு வருபவர்கள் அந்தத் திண்ணையில் ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும்.

தம்பியிடம் பேசி, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைப் பழக்கத்துக்கான பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். போதை மீட்புக்கான அரசு உதவி எண் 14446-இலும் கேட்கலாம். கொகைனுக்கு இன்று கைகொடுப்பது பெரும்பாலும் ஆலோசனையும், சிறுநீர்ப் பரிசோதனையில் சுத்தமாக இருந்தால் சின்னப் பரிசு தரும் முறையும்தான்.

அண்ணன் இப்போது குடிப்பதில்லை. ஆனால் இன்றும் அடுப்படிக்குப் போய்க் குழம்பைத் தானே ஊற்றிக்கொள்கிறார். அம்மா களி உருண்டையை மட்டும் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.