காந்தத்தில் பிஎச்.டி. செய்யலாமா? மகளை நினைத்துக் கவலைப்படும் அப்பாவுக்கு

வணக்கம் சார். மகள் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம், காந்தப் பொருட்களுக்குள் ஒளியும் நுண்ணலையும் (மைக்ரோவேவ்) எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயப் போகிறேன் என்கிறாள், பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பி.எட். நல்ல படிப்புதான். ஆனால் அவள் கேட்பது என்னவென்று தெரிந்துகொள்ளாமலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

1845-இல் ஃபாரடே, காந்தப்புலத்தில் வைத்த கண்ணாடிக்குள் ஒளியைச் செலுத்தினார். அந்த ஒளி அதிரும் தளம் சற்றுத் திரும்பியது. நெடுந்தூர ஃபைபர் இணைப்புகளில் லேசருக்கு முன்னால் ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன உறுப்பு வைப்பார்கள், ஒளியைப் போக விடும், திரும்பி வந்து லேசரைக் கலங்கடிக்க விடாது. அதற்குள் வேலை செய்வது இதே திருப்பம்தான், சரியாக 45 டிகிரி. ரேடாரில் ஒரே ஆன்டெனா அனுப்பவும் வாங்கவும் செய்கிறதே, அந்த இரண்டையும் பிரித்துவிடும் சர்க்குலேட்டருக்குள் இருப்பது ஃபெரைட் என்ற காந்தப் பொருள். காந்தப்புலத்தில் எலக்ட்ரான்களின் சுழற்சி, பம்பரம் தலையாட்டுவதுபோல ஆடும். 1 டெஸ்லா புலத்துக்கு நொடிக்கு சுமார் 2,800 கோடி முறை, அதாவது 28 கிகாஹெர்ட்ஸ். ரேடாரும் 5ஜியும் புழங்கும் அலைவரிசை வட்டாரமே அதுதான், அதனால்தான் இந்தப் பொருட்களை விட முடியவில்லை. மின்தடையே இல்லாத மீக்கடத்திகளால் செய்த குவாண்டம் கணினிகளுக்குள்ளும் இதே சர்க்குலேட்டர்கள் இருக்கின்றன.

சரி, வேலை? "காந்த ஒளியியல் படித்தவர் தேவை" என்று நம் ஊரில் விளம்பரம் வருவது அபூர்வம், இதை மறைக்க மாட்டேன். வேலை வாங்கித் தரப்போவது அவள் கையில் சேரும் தொழில்: வெற்றிடத்தில் மெல்லிய படலம் படியவைப்பது, லேசரை மேசையில் நேர்ப்படுத்துவது, நெட்வொர்க் அனலைசர் என்ற நுண்ணலைக் கருவியில் கிகாஹெர்ட்ஸ் அளவீடு எடுப்பது, பைத்தானில் அந்தத் தரவை அலசுவது. ரேடியோ அலைக் கருவி, தொலைத்தொடர்பு, செமிகண்டக்டர், பாதுகாப்பு ஆய்வகம் எங்கே போனாலும் இவை பேசும்.

பணத்தைப் பொறுத்தவரை, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கேட், ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வுகள் வழியாகவும் சேரலாம். ஐந்து வருஷம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு, லேப் தேர்வுக்கு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன், பெயரை மட்டும் பார்த்து ஒரு லேபில் சேர்ந்தான். லேசர் பழுதாகி ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது, நல்ல பையன், அந்த வருஷம் அவனுக்குத் திரும்பி வரவே இல்லை. அதனால் கைடிடம் பேசுவதற்கு முன்னால் அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள். கருவி இப்போது ஓடுகிறதா, நேரம் கிடைக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், முன்பு முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? முடிந்தால் கோடையில் இரண்டு மாதம் அங்கேயே புராஜெக்ட் செய்து பார்க்கட்டும். கொல்கத்தா எஸ்.என். போஸ் மையம், புவனேஸ்வர் நைசர், சென்னை ஐஐடி மூன்றிலும் காந்தவியல் ஆய்வு நடக்கிறது, அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

அடுத்த முறை போன் செய்யும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், சார். எந்த லேப், ஏன் என்று அவளே எழுதி எடுத்து வரட்டும், மூன்று பேருமாகப் பேசுவோம்.