மைக்ரோவேவில் சாப்பாட்டை மூட எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்

ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் தாளையோ டிஷ்யூ பேப்பரையோ கிழித்துப் போட மனசு வரவில்லை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி செலவில்லாத வழி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். பாதிப் பதில் இதோடு முடிந்தது. மீதிப் பாதியில்தான் சிக்கல். நம் சமையலறையில் கைக்கு எட்டும் தட்டு, கிண்ணம், மூடி எல்லாமே எவர்சில்வர். மைக்ரோவேவ் அலை உலோகத்தைத் துளைத்துப் போகாது, பட்டுத் திரும்பிவிடும். எவர்சில்வர் மூடி போட்டால் உள்ளே இருப்பது ஒழுங்காகச் சூடாகாது. மூடியின் விளிம்பு அடுப்பின் பக்கச் சுவரை ஒட்டி இருந்தால் பொறியும் பறக்கும். தங்க நிறக் கோடு போட்ட பீங்கான் தட்டையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். அந்தக் கோடு பெரும்பாலும் உலோகப் பூச்சுதான்.

அதனால் வீட்டில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் கோடில்லாத பீங்கான் தட்டைத் தேடி எடுங்கள். கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்து, பரண்மேல் பெட்டி பிரிக்காமலே இருக்கும் டின்னர் செட் அநேகமாக எல்லார் வீட்டிலும் உண்டு. அதிலிருந்து ஒரு தட்டு போதும். சாஸர் கூட ஒரு கப் ரசத்துக்குச் சரியாக இருக்கும்.

எடுக்கும்போது அது மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பார்வைக்குப் பீங்கான் மாதிரியே இருக்கும், கையில் தூக்கினால் எடையே இருக்காது, கீழே போட்டாலும் சட்டென்று உடையாது. மெலமைன் அலையை உறிஞ்சித் தானே சூடாகும். அதை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். காலித் தட்டையும், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கப்பில் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சூடாகி, தட்டு சூடில்லாமல் இருந்தால் பயப்படாமல் பயன்படுத்தலாம். தட்டு கொதித்தால் அது மைக்ரோவேவுக்கு ஆகாது. எடை, ஓசை, அடியில் இருக்கும் முத்திரை என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட எனக்கு இந்தச் சோதனையில்தான் நம்பிக்கை.

சரி, மூடவே வேண்டுமா? வேண்டும், தெறிப்பதைத் தடுக்க மட்டும் அல்ல. உணவில் இருக்கும் தண்ணீர்தான் முதலில் சூடாகி ஆவியாகும். அந்த ஆவி தட்டுக்கு அடியிலேயே சுற்றினால் மேல்பக்கம் காயாது, சூடும் ஓரளவு சீராகப் பரவும். பழைய சாதத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கிப் பாருங்கள், புதிதாக வடித்த சாதத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மூடாமல் வைத்தால் ஓரத்துப் பருக்கை எல்லாம் அரிசியாகத் திரும்பியிருக்கும். தெறிப்பு என்று பார்த்தால் ரசத்தைவிடக் கெட்டிப் பருப்பும் குருமாவும்தான் மோசம். அடியில் உண்டாகும் ஆவி கெட்டியான குழம்பைத் தாண்டி மேலே வர முடியாமல் தேங்கி, கடைசியில் ஒரேயடியாக வெடித்துக் கிளம்பும். மூடியோடு, பாதியில் ஒருமுறை நிறுத்திக் கிளறிவிட்டால் வெடிப்பு நன்றாகக் குறையும். பவரைப் பாதியாக வைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் இறுக்கி மூடாதீர்கள். ஆவி வெளியேற ஒரு பக்கம் சிறிது இடைவெளி இருக்கட்டும். எடுக்கும்போது துணி பிடித்து, தட்டின் தூரப் பக்கத்தை முதலில் தூக்குங்கள். முகத்துக்கு நேராகத் திறந்தால் ஆவி சுட்டுவிடும். தட்டில் மலையாகக் குவித்த சாப்பாட்டுக்குத் தட்டையான மூடி உட்காராது. அதற்கு ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுங்கள். நான் இதில் இன்னொரு சோம்பேறித்தனமும் செய்வேன்: மூடிய தட்டையே துடைத்துவிட்டு அதிலேயே சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். தேய்க்க வேண்டிய பாத்திரம் ஒன்று மிச்சம்.

இட்லி, இடியாப்பம், சப்பாத்திக்குத் தட்டைவிட இட்லித் துணிதான் என் தேர்வு. நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலே போர்த்தி, அரை நிமிடத்தில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கல் மாதிரி இட்லியும் பஞ்சாகிவிடும். இட்லித் துணி இல்லையென்றால் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொள்ளலாம். சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் கலந்தது கூடாது. கரையில் சரிகை இருந்தால் அதை வெட்டி எறிந்துவிடுங்கள், அதிலும் உலோக இழை இருக்கலாம். காய்ந்த துணியை வைக்கவே வைக்காதீர்கள், அதிக நேரம் ஓடினால் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். இன்னொன்று, உங்களுடையது கன்வெக்ஷன் வசதி உள்ள அடுப்பு என்றால் மைக்ரோ என்ற நிலையில் மட்டும்தான் துணி. கிரில், கன்வெக்ஷன் இரண்டிலும் உள்ளே நெருப்பு மாதிரி சூடு இருக்கும்.

வாழைமரம் கொல்லையில் நிற்கிறவர்களுக்கு ஒரு இலைத்துண்டு போதும். மறுபடி பயன்படாது என்றாலும் செலவு இல்லை, குப்பையும் இல்லை, எலுமிச்சை சாதத்துக்குக் கட்டுச்சோற்று வாசனை வேறு வரும்.

ஹோட்டல் பார்சல் டப்பா மூடிகளைச் சேர்த்து வைத்திருப்பீர்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், மற்ற பார்சல் பிளாஸ்டிக்கைவிடச் சூடு தாங்கும். இருந்தும் நான் எண்ணெய் மிதக்கும் குழம்புக்கு அதை வைப்பதில்லை. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் அதையும் தாண்டிச் சூடேறும். சிலிக்கான் மூடி நன்றாகத்தான் உழைக்கும், ஆனால் நம் சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு விடாது. அதற்கப்புறம் பால் சூடாக்கினால் பாலும் பெருங்காயம் மணக்கும். செய்தித்தாளை மட்டும் எந்த அவசரத்துக்கும் எடுக்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால்தான் அதில் உணவைப் பொட்டலம் கட்டவே வேண்டாம் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது.

ஆபீஸில் சூடாக்குகிறவர் என்றால் மேசை டிராயரில் ஒரு சின்னப் பீங்கான் தட்டைப் போட்டு வையுங்கள். அங்கே இருக்கும் பொது மூடியை யார் எப்போது கழுவினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் மூட வேண்டும் என்றும் இல்லை. வடை, பஜ்ஜிக்கு மேலே எதுவும் வேண்டாம். ஆவி அடைந்தால் ஊறிப்போய்விடும். எண்ணெய் இல்லாமல் அப்பளம் சுடுவதற்கும் அப்படித்தான். திறந்தபடியே வையுங்கள், ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடும், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.