போனைப் பிரித்துப் போடும் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டீர்கள். "இவன்கூடப் படிக்கிற பசங்க எல்லாம் ஆப்டிட்யூட் கிளாஸுக்குப் போறாங்க. இவன் ராத்திரி பகலா போனைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கான். இதுக்கெல்லாம் வேலை கொடுப்பாங்களா சார்?" அடுத்து இரண்டு குடும்பங்கள் காத்திருந்ததால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

அன்று தம்பி, உங்கள் மகன், ஒரு பழைய டிபன் டப்பாவிலிருந்து பச்சை சர்க்யூட் போர்டு ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தான். சிம் போட்டான், எண்களை அழுத்தினான், உங்கள் கைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர் என்று நீங்கள் கட் பண்ணப் போனீர்கள். அவன் கையால் செய்த போனிலிருந்து வந்த அழைப்பு அது.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நான் கவனித்தது அதற்கு அப்புறம் அவன் சொன்னதை. முதலில் நம்பரைப் போட்டாலே போர்டு அணைந்து மறுபடி உயிர் பெறுமாம். மூன்று வாரம் புரோகிராமில்தான் தப்பு என்று தேடியிருக்கிறான். கடைசியில் பார்த்தால், சிம்மை வைத்து டவரோடு பேசும் பாகமான மாட்யூல், அப்படிப் பேசும் அந்தக் கண நேரத்தில் 2 ஆம்பியர் வரை மின்சாரத்தை இழுக்கிறது. பேட்டரியிலிருந்து வந்த ஒயர் மெலிசு. மின்னழுத்தம் சரிந்து எல்லாம் நின்றுபோயிருக்கிறது. தடிமனான ஒயர் போட்டு, மாட்யூலுக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை சால்டர் செய்த பிறகு சரியாகிவிட்டது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்க ஆசைப்படுவது இந்த மாதிரிக் கதையைத்தான். மார்க் ஷீட்டில் இது தெரியாது.

இது வீண் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டேவிட் மெல்லிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் 2013 வாக்கில் இதையேதான் செய்தார். மாணவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் பழகப் பயன்படுத்தும் ஆர்டுயினோ போர்டை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஏறக்குறைய 60 உதிரிபாகங்கள், லேசரில் வெட்டிய பிளைவுட் கூடு, டவரோடு பேச ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், அவ்வளவுதான் அந்தப் போன். அதன் சர்க்யூட், புரோகிராம், கூட்டின் வரைபடம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யும்படி வெளியிட்டார். பயிலரங்கு வைத்து மற்றவர்களையும் சொந்தமாகச் செய்ய வைத்தார். பல்கலைக்கழகம் கொடுத்தது இடம், கருவிகள், வழிகாட்டி ஒருவர், அப்புறம் இதையும் ஆராய்ச்சி என்று ஏற்றுக்கொண்ட மனசு.

இன்னும் ஒன்று. தம்பி போர்டை வரைந்த கிகேட் என்ற இலவச மென்பொருளும் கல்லூரியில் பிறந்ததுதான். பிரான்சின் கிரெனோபிளில் ஆசிரியராக இருந்த ழான்-பியர் ஷாரா 1992-ல் தொடங்கினார். பிற்பாடு ஜெனீவாவில் உள்ள சேர்ன் இயற்பியல் ஆய்வகம் ஆதரவு கொடுத்து வளர்த்தது. நம் பக்கத்திலேயே ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசஸர், அதாவது கணினிக்கு மூளையான சிப், இருக்கிறது. அதன் வடிவமைப்பும் எல்லோருக்கும் திறந்துதான் வைக்கப்பட்டிருக்கிறது.

இனி, உங்கள் கேள்விக்கு நேரான பதில். இப்படி வரைபடங்களை எல்லோருக்கும் வெளியிடுவதைத் திறந்த வன்பொருள் என்பார்கள். அந்த வகைப் போன் செய்யும் நிறுவனங்களில் வேலை தேடுவதாக இருந்தால், அதை நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஓப்பன்மோக்கோ என்ற அப்படியொரு நிறுவனம் 2008-ல் ஃப்ரீரன்னர் போனைக் கொண்டுவந்தது. 2009-லேயே போன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் சர்க்யூட் வரைபடங்கள் வெளியில் இருந்ததால், ஜெர்மனியில் ஒரு சிறு நிறுவனம் அதே கூட்டுக்குள் பொருந்தும் புதிய போர்டைச் செய்தது. இந்தத் துறை அப்படித்தான்: கம்பெனி போய்விடும், கற்றுக்கொண்டவர்கள் வேறு இடத்தில் வேலை பார்ப்பார்கள்.

அந்த வேறு இடங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் போன் பொருத்துகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்வது அந்த வரிசையில் நின்று பொருத்தும் வேலையை அல்ல. போர்டை வடிவமைப்பது, அதைச் சோதிப்பது, அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது. கோவையில் பாஷ் நிறுவனம் இருக்கிறது. சென்னையில் போன் சிப் செய்யும் குவால்காம் 2024-ல் வடிவமைப்பு மையமே திறந்தது. கார், மருத்துவக் கருவி, மின்மீட்டர் என்று போர்டு உள்ள எல்லா இடத்திலும் தம்பி செய்தது போன்ற வேலைக்கு ஆள் வேண்டும்.

தம்பியிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு, அவனிடமே சொன்னேன். எல்லாம் அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. வரைபடம் அவன் லேப்டாப்பில், குறிப்புகள் அவன் தலையில். வேறு ஒருவர் பார்த்துச் செய்ய முடியாவிட்டால் அது திறந்த வன்பொருள் ஆகாது. வேலை கொடுப்பவருக்கும் காட்ட முடியாது. இன்னொரு விஷயம்: அவன் போர்டு 2ஜி என்ற பழைய நெட்வொர்க்கில் ஓடுவது. ஜியோ சிம் போட்டால் பேசாது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற போன் நிறுவனம் 2017 தொடக்கத்திலேயே 2ஜியை நிறுத்திவிட்டது. ஆகவே இதையே இன்னும் மெருகேற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் பைன்போன், போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற திட்டங்களில் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அதில் ஏதாவது ஒரு சின்னத் துண்டை அவன் எடுக்கட்டும். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் சாதாரண லினக்ஸை ஓட வைப்பதுகூட நல்ல துண்டுதான். சென்னை ரிச்சி தெருவில் உடைந்த போன் மலிவாகக் கிடைக்கும். அவன் அனுப்பும் திருத்தத்தை அங்கே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், திருப்பி அனுப்புவார்கள், கடைசியில் ஏற்பார்கள். அந்த ஒரு ஏற்பு, பயோடேட்டாவில் பத்து சான்றிதழுக்கு மேல் நிற்கும். கான்பூரிலிருந்தாலும் கலிஃபோர்னியாவிலிருந்தாலும் யாரும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை ஒன்று, இதில் விளையாட்டே கூடாது. ஒவ்வொரு போனுக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணைத் தொடவே கூடாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அனுமதி இல்லாமல் சொந்தமாக மொபைல் சிக்னல் அனுப்பிப் பார்ப்பதும் சட்டப்படி தப்பு. அப்படி ஏதாவது சோதனை தேவைப்பட்டால் கல்லூரி வழியாக, உரிய அனுமதியோடுதான். இதை அவனுக்கு நானும் சொல்லிவிட்டேன், நீங்களும் சொல்லுங்கள்.

ஆப்டிட்யூட் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. கேம்பஸுக்கு வரும் பல கம்பெனிகள் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. கணக்குப் பேப்பர் ஒன்று பாக்கி இருக்கிறதே, அதை இந்த செமஸ்டரிலேயே முடித்துவிடட்டும். காலையில் ஒரு மணி நேரம் ஆப்டிட்யூட். இரண்டுக்கும் அவன் சம்மதித்தான். பதிலுக்கு நீங்கள் ஒன்று சம்மதிக்க வேண்டும்: மாலை நேரம் அவனுடையது, போர்டை எடுத்து ஒளித்து வைக்கக் கூடாது.

கல்லூரியிடம் பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம். எம்ஐடி அளவுக்கு வசதி நம்மிடம் இல்லை, தேவையும் இல்லை. இந்த மாதிரிப் போன் வேலையையே இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஏற்க வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர் லேப் மாலை ஆறு வரை திறந்திருக்க வேண்டும். கேள்வி கேட்க ஒரு பேராசிரியர் வேண்டும். மூன்றும் காசு செலவில்லாதவை. கடையில் ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளையே பார்த்துச் சலித்த ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் இது போய் நின்றால் மறுக்க மாட்டார்கள்.

தலைப்பு கொடுக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது என்றான். அதற்குள் துறைத் தலைவரைப் பார்க்க நேரம் வாங்குங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அந்த டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஏர்டெல் சிம் போட்டு, அவர் நம்பருக்கே ஒரு போன் பண்ணட்டும்.