பசியாறியதற்கு ஏன் வெட்கம்?

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்தோடு சென்னை போய் வந்தோம். தங்கிய விடுதியில் என் மனைவி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்க, அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாம் இங்கே மலேசியாவில் பேசுவது மலாய் கலந்த தமிழ்: பசியாறு, சடக்கு (சாலை), கித்தா (ரப்பர்)... சாப்பிடுவது புட்டு மாயம். கலை என்று பார்த்தால் உறுமி மேளம், காது கிழிகிறது. அசல் தென்னிந்திய உணவு, கலை, பேச்சு எது என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள உங்கள் பத்திரிகை ஒரு பட்டியல் வெளியிட்டால் என்ன?
– வாசகர், பட்டர்வொர்த் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: பட்டியல் வராது, ஐயா. உங்களிடமே ஒரு பட்டியல் இருக்கிறது, அதுவே தப்பாக இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

‘பசியாறு’ மலாய் இல்லை. செட்டிநாட்டில் காலைப் பலகாரத்துக்கு ‘பசியாற வாங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் இதே சொல்தான். உங்கள் மனைவி பேசியது நல்ல தமிழ். சிரித்தவர்கள் அதற்கு என்ன சொல்வார்கள் தெரியுமா? ‘டிபன்’. வெள்ளைக்காரன் விட்டுப் போன சொல். வெட்கப்பட வேண்டியது யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

‘சடக்கு’ம் மலாய் இல்லை. மலாயில் சாலைக்கு ‘ஜாலான்’ என்று பெயர், தெருவுக்குத் தெரு பலகையில் எழுதியிருக்கிறது. சடக்கு வடக்கே இந்தியில் இருந்து வந்தது. மூன்றில் கித்தா மட்டும் மலாயின் ‘கெத்தா’. அதற்காக யாரும் கோபப்பட வேண்டாம், அங்கே பேச்சில் ‘ரப்பர்’ என்கிறார்கள், அது ஆங்கிலம். பால் மரம் வெட்டியவன் இந்த மண்ணில் வைத்த பேரை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். மலாய்க்காரர்களும் நம்மிடம் கடையை வாங்கிக் ‘கெடாய்’ என்றார்கள், கப்பலைக் ‘கபால்’ என்றார்கள், கட்டிலை, பெட்டியைக்கூட விடவில்லை. போர்த்துகீசியர் 1498இல் கோழிக்கோட்டில் இறங்கி, 1511இல் மலாக்காவைப் பிடித்தபோது இரண்டு மொழிக்கும் சேர்த்தே ஜன்னல், மேசை, அலமாரி கொடுத்தார்கள். அவர்கள் கப்பலில்தான் மிளகாயும் வந்தது. அதுவரை நம் உறைப்பு மிளகுதான். புதிதாக வந்த காய் மிளகு போல உறைத்ததால் மிளகாய் ஆனது. அசல் வேண்டும் என்றால் மிளகாய் வராத அந்தக் காலத்தில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும். மிளகாய் இல்லாத மீன் குழம்பு உங்களுக்குச் சம்மதமா?

அப்புறம் புட்டு மாயம். இதில் எனக்குச் சொந்தக் கதை உண்டு. என் அப்பாயி துறையூர்ப் பக்கம். அவருக்கு அது இடியாப்பம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எதிர் வீட்டுப் பாட்டி நாமக்கல், அவருக்கு அது சந்தகை. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் பாட்டி விடமாட்டார். ‘நீங்க பிழிஞ்சு வேக வைக்கிறீங்க, நாங்க வேக வச்சுப் பிழியறோம்’ என்பார். உண்மையும் அதுதான்: சந்தகைக்கு அரிசி மாவை முதலில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு அழுத்த வேண்டும், கை வலிக்கிற வேலை. இவர்கள் வாதம் முடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு புட்டு மாயக்காரர் வந்துவிடுவார். தேங்காய்ப் பூவும் பழுப்புச் சீனியும் தூவி வாங்கி, மூன்று பேருமாகச் சேர்ந்து சாப்பிடுவோம். இதில் எதை அசல் என்று அச்சடிக்கச் சொல்கிறீர்கள்? நெல்லைக்காரர் சொதி எங்கே என்பார், நாஞ்சில் நாட்டுக்காரர் தீயலை விட்டுவிட்டாயே என்பார். எனக்கு வேறு வேலை இல்லையா?

‘தென்னிந்திய’ என்று நீங்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்ட இடத்தில் இத்தனை ஊர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கில் இறங்கியவர்கள் அந்தச் சண்டையையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். அவரவர் ஊரில் இருந்திருந்தால் துறையூரும் நாமக்கல்லும் ஒரே குழாயடியில் நின்றிருக்காது.

சரி, உறுமி. சத்தம் அதிகம் என்பது நியாயமான குறை, இரவு பன்னிரண்டு மணிக்கு என் தெருவிலும் அடிக்கிறார்கள், நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் அது நம் கலையா என்று கேட்பது வேறு. உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றில் குச்சியால் அடிப்பார்கள், மற்றதில் வளைந்த குச்சியை அழுத்தி இழுப்பார்கள், அப்போது விலங்கு உறுமுவது போல ஒரு சத்தம் கிளம்பும். பேரும் அதனால்தான். தெற்கே கம்பளத்து நாயக்கர் சடங்கிலும் குலதெய்வக் கோயில்களிலும் ஒலிக்கிற பழைய வாத்தியம் அது. பத்துமலையில் தைப்பூசத்துக்கு அதை இழுக்கிற பையனை ரவுடி என்கிறோம். அவன் தங்கை பரதநாட்டியம் ஆடினால் பண்பாடு என்கிறோம். அந்த நடனத்துக்குச் சதிர் என்று பேர் இருந்த காலத்தில் அதையும் கௌரவமான வீட்டுப் பெண் தொடக்கூடாது என்றார்கள். பிராமணக் குடும்பத்துப் பெண்ணான ருக்மிணி தேவி 1935இல் அதை ஆட மேடை ஏறியபோது எழுந்த முணுமுணுப்பு கொஞ்சம் இல்லை. ஆண்டாண்டாகக் காப்பாற்றி வைத்திருந்த தேவதாசிகளை ஒதுக்கிவிட்டுத்தான் அதற்கு மரியாதை வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த்தில் இருக்கிறீர்கள். ஒரு நாள் ஃபெரி ஏறித் தீவுக்குப் போய், லெபோ சூலியா பக்கம் வயதான தமிழ் முஸ்லிம் ஒருவரோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். குழம்பை ‘ஆணம்’ என்பார். அகராதியில் இருக்கிற பழந்தமிழ்ச் சொல், சென்னை விடுதியில் கேட்டால் அதற்கும் சிரிப்பார்கள்.

உங்கள் மனைவி பசியாறுவதை யாரிடம் கற்றார், அவர் பாட்டி எந்த ஊர்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வீட்டில் கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.