வாசகர் கேள்வி: வளையமா, ஏஐ பெட்டியா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயசுங்க. மலத்துல ரத்தம் இருக்குதுன்னு டெஸ்ட்ல வந்திருச்சு. ஆசனவாய் வழியா கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பாக்கற கொலனோஸ்கோப்பி எடுக்கோணும்னு சொல்றாங்க. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில கேமரா முனையில வளையம் மாட்டிப் பாப்போம்ங்கறாங்க, இன்னொண்ணுல ஏஐ இருக்குதுங்கறாங்க. எதுக்குப் போறதுங்க?
(கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு குறையைத் தீர்ப்பவை. பெருங்குடலின் உட்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) கேமராவுக்குத் தெரியாது. வளையத்தைச் சுற்றி மென்மையான முள் போன்ற நீட்சிகள் உண்டு. ஸ்கோப் (கேமராக் குழாய்) உள்ளே போகும்போது அவை படிந்துகொள்ளும். வெளியே இழுக்கும்போது விரிந்து மடிப்பை நிமிர்த்திவிடும். ஏஐ மடிப்பைத் தொடாது. திரையில் வந்தும் டாக்டர் கண்ணுக்குத் தப்பியதைக் கட்டம் போட்டுக் காட்டும். நுரைக்கும் மல எச்சத்துக்கும்கூடக் கட்டம் போடும்!

இங்கிலாந்தில் 1,772 பேரிடம் நடந்த ஆய்வில், வளையம் இல்லாமல் 36.2 சதவீதம் பேரிடம் அடினோமா (பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வகை) பாலிப் கிடைத்தது, வளையத்தோடு 40.9. உங்கள் அப்பாவைப் போல மலத்தில் ரத்தம் தெரிந்து வந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது: 50.9, 61.7. இத்தாலியில் 2020-இல் வெளியான ஏஐ ஆய்வில் 40.4 என்பது 54.8 ஆனது. ஆனால் கூடுதலாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை சின்னஞ்சிறியவை.

வளையத்திலும் சிக்கல் உண்டு. ஸ்கோப் முனை ஈரமாக இருக்கும்போது மாட்டினால் உள்ளேயே கழன்று விழலாம். பிறகு அதைப் பிடித்து எடுக்க வேண்டும். குடல் குறுகியிருந்தாலோ, பை பையாகப் புடைத்திருந்தாலோ மாட்டாமல் விடுவதே நல்லது.

கருவியைவிட, டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேரிடம் அடினோமா கிடைக்கிறது? ஸ்கோப்பை வெளியே எடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள்? பாலிப் எடுக்கும் நேரம் சேராமல் 6 நிமிடத்துக்குக் குறைந்தால் எந்தக் கருவியும் உதவாது.

கேள்வி: கொலனோஸ்கோப்பிக்குக் குடிக்கற பேதி மருந்தை முந்தின நாள் சாயங்காலமே முழுக்கக் குடிச்சுப்போட்டா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாமல்லங்க?
(பெருந்துறை வாசகி)

பதில்: தூங்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த சளி இறங்கி வலப்பக்கப் பெருங்குடலில் பூசிக்கொள்ளும். தட்டையான பாலிப் அதிகம் ஒட்டியிருக்கும் இடமும் அதுதான். பாதியை மாலையிலும் மீதியைக் காலையிலும் குடியுங்கள். 10 மணிக்கு டெஸ்ட் என்றால் 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். கம்பு, ராகிக் களி, கொள்ளு, கீரை, கொய்யா எல்லாம் இரண்டு மூன்று நாள் முன்பே நிற்கட்டும். விதையும் தோலும் ஸ்கோப்பின் உறிஞ்சும் குழாயை அடைத்துவிடும். வெள்ளைச் சோறும் தயிரும் முந்தின நாளுக்கு முன்புவரை சாப்பிடலாம். சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசியில் சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். கலங்கலாகவே போனால் கிளம்பும் முன் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்கள்.